தண்ணீருக்குத் தீட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பனி விலகுவதற்கு முன்பே மன்றத்துப் பிள்ளைகள் ஏற்காடு பஸ் நிலையத்தில் கூடினார்கள். கெமிக்கல் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். காலி பாட்டில்களை அவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

2. கிளியூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, ஓடைக்கரையில் இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம்.

3. ஓடையில் இரண்டு இடங்களில் தண்ணீர் பிடித்தோம். எஸ்டேட்டின் பல்ப்பர் கொட்டகைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.

4. ஊர் நடுவில் இருக்கும் பலா மரத்தடியில் ஜனங்கள் முன்னால் இரண்டையும் சோதித்துக் காட்டினோம்.

5. ஜனங்கள் சிரித்தார்கள்.

6. தனம் ஒரு சொல் சொன்னாள்.

7. சிரிப்பு நின்றது.

அன்றைய தினம் இவ்வளவுதான். பிறகு வந்ததெல்லாம் ஆறாவதிலிருந்து வந்தது.

எந்தக் கட்சித் தொண்டர்?

மன்றத்தைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி. வேதியியல் பட்டமும் தண்ணீர்ச் சோதனைப் பயிற்சியும் முடித்த கையோடு சேலத்துத் தொண்டு நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ஏற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சுற்றுச்சூழல் மன்றம் நடத்த வேண்டும்.

அடிவாரத்தில் பஸ் ஏறினால் மேலே போய்ச் சேரும்வரை பெட்டி என் மடியில் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், "ஏனுங்க, உள்ள முட்டைங்களா?" என்பார்.

பிள்ளைகள் ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பை பொறுக்கினார்கள். பள்ளி வேலியோரம் நாற்று நட்டார்கள், ஆடு தின்றது, மறுபடியும் நட்டார்கள். எல்லோர் கையிலும் பச்சைத் துணிப் பட்டை. அதில் 'தன்னார்வத் தொண்டர்' என்று எழுதியிருக்கும்.

அதைப் பார்த்துவிட்டு எஸ்டேட் ரைட்டர் ஒருநாள் என்னை நிறுத்தினார். எஸ்டேட் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். வெற்றிலை மென்றபடி சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்.

"மேடம், தொண்டர்னு போட்டிருக்குது. எந்தக் கட்சிங்க?"

"கட்சி இல்லீங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க."

"கட்சியில்லாத் தொண்டரா! அப்ப பிரியாணி யாருங்க போடுவாங்க?"

பிள்ளைகளும் சிரித்தார்கள். தனம் மட்டும், "நீங்க போடுங்கண்ணா, உங்களுக்கும் ஒரு பட்டை கட்டியுடறோம்" என்றாள்.

தனம் அப்படித்தான். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். தாத்தா காலத்தில் சமவெளியிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். வீடு எஸ்டேட் லைனில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. அந்த லைனில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள். பிளஸ் டூ முடித்து, சேலத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர வேண்டும் என்பது திட்டம். அதற்கு என்னென்ன பாடம், எவ்வளவு மதிப்பெண் என்று என்னிடம் பட்டியல் கேட்டு வாங்கி, புத்தக அட்டையின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள்.

அவள் அம்மா பாவாயி அதிகம் பேச மாட்டார். ஒருமுறை மட்டும் என்னிடம், "அந்தப் பரீச்சைய மட்டும் எழுதி முடிச்சிரட்டும் அம்மணி. அதுக்கப்புறம் எது வேணாலும் வரட்டும்" என்றார்.

இரண்டு தண்ணீர்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மற்றது புரியும்.

மேலே எஸ்டேட். அதில் பல்ப்பர் கொட்டகை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் இருக்கும் இடம். அதற்குக் கீழே தொழிலாளர் லைன். லைனுக்கும் கீழே, மலைக்காரர்களின் ஊர். சாமையும் தினையும் ஆரஞ்சும் கொஞ்சம் காப்பியுமாகத் தலைமுறை தலைமுறையாக அங்கேயே விவசாயம் செய்கிறவர்கள். ஓடை இந்த மூன்று இடங்களையும் தொட்டுக்கொண்டு போகிறது.

பழப் பருவத்தில் பல்ப்பரைக் கழுவிய தண்ணீர் நேராக ஓடையில் விழும். புளித்த கஞ்சி வாடை வரும். கற்களின் மேல் வழவழப்பாக ஒரு தோல் படியும். மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

லைனுக்கு என்று எஸ்டேட் குழாய் ஒன்று உண்டு. ஆனால் அந்த மாதங்களில் தண்ணீர் முழுவதும் பல்ப்பருக்குப் போய்விடும். குழாய் வெறும் காற்றை ஊதும். அப்போது லைன் பெண்கள் கீழே இறங்கி, மலைக்காரர் ஊரின் ஓரத்தில் இருக்கும் ஊற்றில் குடிதண்ணீர் எடுப்பார்கள். பாறை இடுக்கிலிருந்து வரும் சுத்தமான தண்ணீர். ஓடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. இரண்டு பக்கத்துக் குடங்களும் வரிசையில் நிற்கும்.

எங்கள் எண்ணம் எளிமையானது. பல்ப்பர் தண்ணீரை ஒரு குழியில் தேக்கி, தெளியவைத்து விட்டால் பாதிக் கெடுதி குறையும். ஊராரும் லைன்காரர்களும் சேர்ந்து போய் எஸ்டேட்டில் கேட்டால் வெட்டித் தருவார்கள். சேர்ந்து போக வைப்பதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

பாலாட்டம்

மீன் மூச்சு விடுவதற்குத் தண்ணீரில் காற்று கரைந்திருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பாட்டில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, இரண்டு மருந்துகளைச் சொட்டு விட்டு, மூடி, கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். காற்று இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரியும். இல்லையென்றால் வெள்ளையாகத் திரியும்.

பழுப்பு நல்லது, வெள்ளை கெட்டது. ஆய்வுக்கூடத்தில் இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை.

பலா மரத்தடியில் தனம் முன்னால் நின்று பேசினாள். மருந்தை நான் விட்டேன். பாட்டிலை முருகேசன் உயர்த்திக் காட்டினான். முருகேசன் அதே ஊர்ப் பையன், தனத்தின் வகுப்பு.

"நீர் மாசு அப்படிங்கறது..." என்று ஆரம்பித்தாள் தனம்.

"மாசுன்னா என்ன கண்ணு? மாசி மாசமா?" என்று முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கேட்டார்.

"இல்லீங்கம்மா. மாசு. தண்ணி கெட்டுப்போறது."

"தண்ணி எங்க சாமி கெடும்? அது சோறா, குழம்பா?"

முருகேசன் முதல் பாட்டிலைத் தூக்கினான். பல்ப்பருக்கு மேலே பிடித்தது. துருப்பிடித்த மாதிரி பழுப்பு. கூட்டத்தில் ஒரு 'உச்' சத்தம். இரண்டாவதைத் தூக்கினான். கீழே, ஊர்ப் பக்கம் பிடித்தது. பளிச்சென்று வெள்ளை.

"அதா பாரு! நம்ம தண்ணி பாலாட்டம் இருக்குது!"

"மேல இருக்கறதுதான் சாக்கடை போல. எஸ்டேட்காரன் மெசின்ல உட்டுச் சலிச்சு அனுப்பறான்டி!"

"அம்மணி, அந்த மருந்துல கொஞ்சம் நம்ம ஊட்டு மோருலயும் உடுங்க. மனுசன் தண்ணியா இருக்குதுன்னு நொம்பத் திட்டறாரு."

மரத்தடி முழுக்கச் சிரிப்பு. நான் எழுந்து விளக்கிப் பார்த்தேன். காற்று என்றேன், மீன் என்றேன். "காத்து மேல இருக்குதுங்க, தண்ணிக்குள்ள எப்படிங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார்கள். சிலர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்கள். கூட்டம் கலையப் போகிறது.

தனத்தின் முகம் சிவந்துவிட்டது. கையை வீசி, உரக்கச் சொன்னாள்.

"சிரிக்காதீங்கம்மா! பாலு இல்லீங்க அது. தீட்டு. உங்க தண்ணிக்குத் தீட்டாயிருச்சு. மேல இருந்து தீட்டு எறங்கி வருது!"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஏதோ கேட்க வந்த ஒரு குழந்தையின் வாயை அதன் அம்மா பொத்தினார். அதுவரை பேசாமல் இருந்த ஊர்ப் பெரியவர் சடையப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மேல இருந்துன்னா எங்க இருந்து கண்ணு?" என்று கேட்டார்.

"லைன் பக்கத்துல இருந்துங்க. அங்க இருந்துதான் ஆரம்பிக்குது."

லைனையும் பல்ப்பர் கொட்டகையையும் சேர்த்து ஊரார் எல்லோரும் 'லைன் பக்கம்' என்றுதான் சொல்வார்கள். அந்த வழக்கப்படி அவளும் சொன்னாள்.

எங்கள் வீட்டு மூலை

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. சேலத்தில், மின்விசிறியும் ரேடியோவும் இருந்த எங்கள் வீட்டிலேயே அதற்கு ஒரு மூலை இருந்தது. அந்த மூலைக்கு உரியவை: ஒரு கோரைப்பாய், ஒரு ஈயத் தட்டு, விளிம்பு நெளிந்த ஒரு டம்ளர், ஒரு ஜன்னல். மாதம்தோறும் நானும் என் அக்காவும் அங்கே உட்கார்ந்திருக்கிறோம். கல்லூரியில் ஹார்மோன் பாடத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கிய அன்றும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டவர் கிடையாது. அது பெண்ணிடமிருந்து வருவது, தொட்டால் ஒட்டுவது, கழித்தால் போவது. இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும்.

மாசு என்ற சொல்லுக்கு ஒரு பாடப்புத்தகம் இருந்தது. தீட்டு என்ற சொல்லுக்கு அவர்கள் வாழ்க்கை முழுவதும் இருந்தது.

கிடா

இரண்டொரு நாளில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். லைன் பெண்கள் ஓடையில் துணி அலசுவதால் வந்த தீட்டு என்று முடிவானது. ஓடைக்குக் கழிப்புக் கழிக்க வேண்டும். ஊற்றில் இனி லைன் குடம் இறங்கக் கூடாது.

கேள்விப்பட்டு நானும் தனமும் ஓடினோம். சடையப்பன் எங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்துப் பேசினார். கோபமே இல்லை.

"ஐயா, தீட்டுன்னா அந்தத் தீட்டு இல்லீங்க" என்றாள் தனம். "பல்பர் தண்ணியத்தான் சொன்னேன்."

"தீட்டுல அந்தத் தீட்டு, இந்தத் தீட்டுன்னு இருக்குதா கண்ணு?"

"நான் வார்த்தைய மாத்திச் சொல்லிப்போட்டனுங்க."

"நீ மாத்திச் சொல்லல சாமி. அத்தன பேரு முன்னாடி சத்தமாச் சொன்ன. உங்க ஆளுங்கன்னுகூடப் பாக்காம நாயமாச் சொன்ன. ஊரே உன்னைப் பெருமையாப் பேசுது."

தனம் காப்பியைக் குடிக்கவில்லை.

கழிப்பு தடபுடலாக நடந்தது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, பூசாரி, உடுக்கை. வெட்டுவதற்குக் கிடா எஸ்டேட்டிலிருந்து வந்தது. ரைட்டரே பிடித்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும், "பாத்தீங்களா மேடம், தண்ணி சுத்தம்னா நாங்களும் சேந்துக்குவோம்" என்றார்.

மறுநாள் பல்ப்பர் ஓடியது.

பழுப்பு

அடுத்து வந்தது பொங்கல். எஸ்டேட்டுக்கு விடுமுறை, பல்ப்பர் நின்றது, ஓடையில் வாடை போய்விட்டது. சடையப்பன் ஆள் அனுப்பினார். "அம்மணி அந்தப் பாட்டில் வேலைய ஒருக்கா பண்ணிக் காட்டட்டும்."

எனக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். அதே மரத்தடி, அதே மருந்து. ஊர்ப் பக்கத்துத் தண்ணீர் அழகான பழுப்பாகத் திரிந்தது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பல்ப்பர் நின்னதாலதாங்க" என்றேன்.

"பல்பரு நின்னது பொங்கலுக்கு. கழிப்புக் கழிச்சது அதுக்கு முந்தி. எதுனால சரியாச்சுன்னு உங்க மருந்து சொல்லுமுங்களா?" என்றார் சடையப்பன்.

"சொல்லாதுங்க" என்றேன். உண்மையும் அதுதான். அந்த மருந்துக்குக் காற்று இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே தெரியும்.

பொங்கல் முடிந்தது. பல்ப்பர் மறுபடி ஓடியது. மறுபடி சோதித்துப் பார்க்க ஊரார் சொன்னதாக முருகேசன் மருந்து கேட்டு வந்தான். பிள்ளைகளிடம் மருந்தைக் கொடுப்பதில்லை என்பதால் நானே போய்ச் செய்தேன். வெள்ளை. இந்த முறை யாரும் பால் என்று சொல்லவில்லை.

"கழிச்ச தீட்டு திரும்பி வந்திருக்குதுன்னா, லைன்காரிக யாரோ திருட்டுத்தனமா ஊத்துல வந்து மொள்ளறாளுக" என்றார் முன்பு மோருக்கு மருந்து கேட்ட அம்மாள்.

என் சோதனையில் ஒருமுறைகூடத் தவறு வரவில்லை. ஒவ்வொரு சரியான முடிவும் லைன் பெண்களுக்கு எதிராகப் போய்ச் சேர்ந்தது.

காவல்

ஊற்றுக்குக் காவல் போட்டார்கள். காவலுக்கு நின்றவர்கள் எங்கள் மன்றத்துப் பிள்ளைகள்.

அந்த ஊரிலிருந்து மன்றத்துக்கு வந்த பையன்கள் முறை போட்டுக்கொண்டு நின்றார்கள். கையில் பச்சைப் பட்டை. 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று நாங்கள் எழுதிக்கொடுத்த அட்டையை ஒரு குச்சியில் கட்டி, ஊற்றின் பக்கத்தில் நட்டிருந்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே முன்வந்து செய்த முதல் வேலை அது. நான் சொல்லி நடந்ததல்ல. நிறுவனம் அச்சடித்த கையேட்டில் நல்ல தொண்டருக்குரிய குணங்கள் என்று போட்டிருந்த அத்தனையும் அவர்களிடம் இருந்தன.

ஒரு காலை நான் அங்கே போய், முருகேசனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அட்டையை எடுத்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பாதையில் தனம் வந்தாள். பள்ளிச் சீருடை, இடுப்பில் குடம். பின்னால் பாவாயி.

முருகேசன் என்னைப் பார்த்தான். "அக்கா, இவ கொடத்தோட வர்றா. நான் என்ன பண்ணட்டும்?"

"வழி விடு" என்றேன்.

"எங்கூர்ல என்னைய உரிச்சுப்போடுவாங்கக்கா."

தனம் அவனுக்கு நேராக வந்து நின்றாள். "ஏன்டா, எங்கூடச் சேந்துதானடா பாட்டில் புடிச்ச? உனக்குத் தெரியாதாடா அது பல்பரு தண்ணின்னு?"

"தெரியும். ஆனா நீதானடி சொன்ன, தீட்டுன்னு."

சொல்லிவிட்டு அழுதுவிட்டான். ஆனால் நகரவில்லை. கீழே தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த நாலைந்து ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மண்வெட்டியோடு மேலே ஏறி வரத் தொடங்கினார்.

நான் அந்த மனிதரை நோக்கி இரண்டு அடி வைத்தேன். பாவாயி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம் அம்மணி. நீங்க சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கதான் இருக்கோணும்." பிறகு மகளிடம், "வா கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி ஏறும்போது காலிக் குடம் பாறையில் இடித்தது. தனம் அதை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

வரிசைப்படி

அதன்பின் நான் செய்தவை: தலைமையாசிரியரைப் பார்த்தேன், ஊர் விஷயத்தில் பள்ளி தலையிடாது என்றார். பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். எஸ்டேட் மானேஜரைப் பார்த்தேன். குழி பற்றிக் கேட்டபோது, "ஜனங்க யாரும் எங்களைக் குறை சொல்லலியே" என்றார். அவர் சொன்னது சரி. யாரும் சொல்லவில்லை. சேலத்தில் என் மேலதிகாரி நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, ஆண்டறிக்கையில் 'மாணவர்கள் ஊற்றைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றனர்' என்ற வரியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். வைத்துக்கொண்டார்.

லைன் பெண்களுக்கு மீதி இருந்தது ஓடையும், மெயின் ரோட்டோரக் குழாயும். ஓடைத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ரோட்டுக் குழாய்க்கு ஏறி இறங்க வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். பாவாயி காலை ஆஜர் எடுக்கும் நேரத்துக்குள் எஸ்டேட்டில் இருந்தாக வேண்டும். ஆகவே தண்ணீர் தனத்தின் வேலையானது. அவள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போதே பள்ளிக்குப் போகும் பஸ் அவளைத் தாண்டிப் போகும். முதலில் தாமதமாகப் போனாள். பிறகு சில நாட்கள் போனாள், சில நாட்கள் போகவில்லை. அடுத்த ஆண்டு, பிளஸ் டூ நடக்கும்போது வந்த பழப் பருவத்திலும் இதே கதைதான்.

லைனில் அவளிடம் யாரும் சண்டை போடவில்லை. அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பாவாயி சொன்னார்.

நான் கடைசியாகப் பார்த்தபோது தனம் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, அன்னைக்கு வேற என்ன வார்த்தை சொல்லியிருக்கலாம்?"

இத்தனை வருடங்களாகத் தேடுகிறேன். அழுக்கு என்றால் ஓடும் தண்ணீருக்கு அழுக்கேது என்பார்கள். விஷம் என்றால் செத்தது யார் என்பார்கள். கெட்டது என்றால் சோறா, குழம்பா என்பார்கள். அந்த மரத்தடியில் சிரிப்பை நிறுத்தக்கூடிய இன்னொரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய நிலை

பல்ப்பர் ஒவ்வொரு பருவமும் ஓடுகிறது. குழி வெட்டப்படவில்லை. மன்றம் வேறு பள்ளிக்கு மாறியது. அங்கே மரம் நடுகிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள். முருகேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் சேலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊற்றுக்கு இப்போது காவல் இல்லை, தேவைப்படவில்லை. லைன் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. தனம் பிளஸ் டூ பரீட்சை எழுதவில்லை. அதே லைனில், அதே வீட்டில் இருக்கிறாள்.